மயில்துத்தமும் நீர்த்தெள்ளும்: மலைக்குளிரில் ஒரு 48 மணி நேரச் சோதனை

மழை பிடித்துக்கொண்டால் எங்கள் குன்னூர்ப் பக்கம் தேயிலைக்குக் கொப்புள நோய் வரும். உடனே தாமிர மருந்து அடிப்பார்கள். அப்படி ஒரு நாள் ஓடைக்கரையில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது தோட்டக்கார அண்ணன் ஒருவர், "மீனு ஒண்ணும் மிதக்கலையே சார், அப்புறம் என்ன?" என்றார். மீன் மிதப்பதெல்லாம் கடைசிக் கட்டம். அந்த மீன் தின்கிற நீர்த்தெள்ளு போன்ற கடுகளவு உயிர்கள் அதற்கு வெகு முன்பே முடங்கிப்போயிருக்கும். எந்த அளவில் முடங்குகின்றன என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. பெரிய கருவி எதுவும் வேண்டாம். பொறுமையும் 24 டீ கிளாஸும் போதும்.

பொருளாதார ஒத்துழைப்பு நாடுகளின் அமைப்பான ஓஇசிடி வெளியிட்ட 202ஆம் எண் வழிகாட்டிதான் இதற்கு அடிப்படை. இப்போது புழக்கத்தில் இருப்பது 2004இல் திருத்தப்பட்ட வடிவம். பிறந்து 24 மணி நேரம் ஆகாத நீர்த்தெள்ளுக் குஞ்சுகளை வெவ்வேறு அளவு ரசாயனம் கலந்த தண்ணீரில் 48 மணி நேரம் விட்டு, எத்தனை நீந்த முடியாமல் போகின்றன என்று எண்ணுவது. அவ்வளவுதான். நான் இங்கே மயில்துத்தத்தை, அதாவது காப்பர் சல்பேட்டை, எடுத்துக்கொள்கிறேன். கடையில் கிடைக்கும், அளக்க எளிது, நம் மலைக்குப் பழக்கமான உலோகம். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு தொடுங்கள். கல்லூரி ஆய்வகம் கிடைத்தால் அங்கேயே செய்வது நல்லது.

முதலில் உயிர்கள்

நீர்த்தெள்ளை வண்ணமீன் வளர்ப்பவர்களிடம் டாஃப்னியா என்று கேட்டால் கொடுப்பார்கள். பாதி நேரம் அது மொய்னா என்ற இன்னொரு நீர்த்தெள்ளாக இருக்கும். மொய்னா ஒரு மில்லிமீட்டர் அளவுதான். டாஃப்னியா மேக்னா வளர்ந்தால் அரை சென்டிமீட்டர் வரை போகும். எதுவானாலும் சரி, ஆனால் எது என்று உருப்பெருக்கியில் பார்த்துக் குறித்துவையுங்கள். ஒன்றில் வந்த எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிட முடியாது. காட்டு ஓடையில் வலை போட்டுப் பிடிக்க வேண்டாம். காப்புக்காட்டுக்குள் அதற்கு அனுமதி வேண்டும், போதாததற்கு வயது தெரியாத கலவையாகக் கிடைக்கும்.

பாசி ஏறிய பச்சைத் தண்ணீரோ ஸ்பைருலினா தூளோ கொஞ்சமாகக் கொடுத்துச் சில வாரம் வளருங்கள். வாழ்வு நன்றாக இருக்கும்வரை எல்லாமே பெண்கள்தான், ஆணில்லாமலே குஞ்சு பொரிக்கும். முதுகில் கறுப்புச் சேணம்போல ஒன்று தெரிந்தால் அது கஷ்டகால முட்டை. கூட்டம் அதிகம், தீனி குறைவு அல்லது குளிர் என்று அர்த்தம். அப்படிப்பட்ட வளர்ப்பிலிருந்து சோதனைக்கு எடுக்காதீர்கள்.

தண்ணீர்: இங்கேதான் எல்லாம் இருக்கிறது

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் சோதனை தொடங்கும் முன்பே முடிந்துவிடும். அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரியாதது என்னவென்றால், நீலகிரியின் ஓடைத் தண்ணீர் பொதுவாக மிருதுவானது. பாறை கெட்டியானது, எளிதில் கரையாது, அதனால் கால்சியமும் மக்னீசியமும் குறைவு. சோப்பு நன்றாக நுரைக்கும், கெட்டிலில் வெள்ளைப் படிவம் வராது. அந்தக் கால்சியமும் மக்னீசியமும்தான் தாமிரத்துக்கு எதிரான கவசம். உயிரின் மேல் தாமிரம் ஒட்டவேண்டிய இடங்களில் இவை முன்கூட்டியே உட்கார்ந்துகொள்ளும். கவசம் குறைந்த தண்ணீரில் அதே அளவு தாமிரம் அதிகமாகக் கடிக்கும். சமவெளிக் கிணற்றுத் தண்ணீரில் செய்த சோதனையைக் காட்டி "இந்த அளவுக்கு ஒன்றும் ஆகாது" என்று மலையில் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான். சோலைச் சதுப்பிலிருந்து இளம் டீ நிறத்தில் இறங்கும் தண்ணீர் வேறு கதை. அதிலுள்ள மக்கிய இலைச்சத்து தாமிரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், விஷம் குறைவாகத் தெரியும்.

ஆகவே தண்ணீரை நாமே தயாரிப்போம். ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் சோடியம் பைகார்பனேட் 48 மில்லிகிராம், நீரேறிய கால்சியம் சல்பேட் 30, மக்னீசியம் சல்பேட் 30, பொட்டாசியம் குளோரைடு 2. இது மிருது நீருக்கான பழைய அமெரிக்கச் செய்முறை. கடினத்தன்மை, அதாவது கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த அளவு, கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 40 முதல் 48 மில்லிகிராம் வரும். இவ்வளவு சின்ன எடையை நகைத்தராசில் நிறுக்க முடியாது, அதனால் 20 லிட்டருக்குச் சேர்த்துக் கலக்குங்கள். ஒரு இரவு காற்று ஊதவிடுங்கள். தாய்ப்பூச்சிகளையும் இதே தண்ணீரில்தான் வளர்க்க வேண்டும். மேக்னாவுக்கு வழிகாட்டி சொல்வது 140 முதல் 250 வரை கடினத்தன்மை, ஆகவே நம் மிருது நீருக்குச் சின்ன வகைகளே தோது. உலோகத்தைக் கட்டிப்போடும் ஈடிடிஏ என்ற ரசாயனம் சேர்த்த வளர்ப்புக் கரைசல்களை உலோகச் சோதனைக்குத் தொடாதீர்கள், அது தாமிரத்தை விழுங்கிவிடும்.

கரைசல்

மயில்துத்தப் படிகத்தில் கால்வாசிதான் தாமிரம், மீதி சல்பேட்டும் நீரும். 3.93 கிராம் படிகத்தை ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் தாமிரம். அதில் 10 மில்லியை ஒரு லிட்டராக்கினால் 10 மில்லிகிராம். அதில் 100 மில்லியை மறுபடி ஒரு லிட்டராக்கினால் 1 மில்லிகிராம். இதுவரை காய்ச்சி வடித்த நீர். இனி சோதனை நீர்.

கடைசிக் கரைசலில் 64 மில்லி எடுத்து, சோதனை நீர் விட்டு 400 மில்லி ஆக்குங்கள். இது லிட்டருக்கு 160 மைக்ரோகிராம். அதில் பாதியை, 200 மில்லியை, எடுத்து இன்னொரு 200 மில்லி சோதனை நீரோடு சேர்த்தால் 80. அப்படியே 40, 20, 10. அடுத்தடுத்த அளவுகளுக்கு இடையே 2.2 மடங்குக்கு மேல் போகக்கூடாது என்பது விதி, நாம் இரண்டு மடங்கில் நிற்கிறோம். ஆறாவது கட்டுப்பாடு, அதாவது தாமிரமே இல்லாத சோதனை நீர். தெரியாத ரசாயனமாக இருந்தால் நேரே இதில் இறங்காமல், 1, 10, 100, 1,000 என்று பத்துமடங்கு இடைவெளியில் ஐந்தைந்து குஞ்சுகளை வைத்து முதலில் ஒரு நோட்டம் பாருங்கள்.

குஞ்சுகளை மாற்றுவது

முந்தின நாள் காலை முட்டை சுமக்கும் தாய்களைத் தனிக் கிளாசுக்கு மாற்றுங்கள். மறுநாள் காலை அங்கே தூசிபோல ஓடுபவை எல்லாம் 24 மணி நேரத்துக்குக் குறைவானவை. தாயின் முதல் ஈற்றுக் குஞ்சுகள் வேண்டாம்.

ஒவ்வொரு அளவுக்கும் நான்கு கிளாஸ், கிளாசுக்கு ஐந்து குஞ்சு. மொத்தம் 120. ஒரு குஞ்சுக்குக் குறைந்தது 2 மில்லி தண்ணீர் வேண்டும், நான் கிளாசுக்கு 40 மில்லி ஊற்றுகிறேன். சொட்டுக்குழாயின் நுனியைக் கொஞ்சம் வெட்டி அகலமாக்கிக்கொள்ளுங்கள். அதன் நுனியைத் தண்ணீருக்குள் வைத்தபடி குஞ்சை விடுங்கள். மேலிருந்து சொட்டினால் ஓட்டுக்குள் காற்றுக்குமிழி புகுந்து, தக்கைபோல மேலே மிதந்துகொண்டு கால்களை உதறிக்கொண்டே இருக்கும். அதை விஷம் என்று எண்ணிவிடுவீர்கள். கட்டுப்பாட்டிலிருந்து தொடங்கி ஏறுவரிசையில் போங்கள். குழாயோடு தாமிரம் கீழே இறங்கக்கூடாது.

கிளாசுக்கு அடியில் அளவை எழுதாமல் வெறும் எண் எழுதி, எந்த எண் எந்த அளவு என்ற சீட்டை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். 160 என்று தெரிந்தால் கண் தானாகவே செத்ததைத் தேடும்.

குளிரும் பெட்டியும்

சோதனை முழுக்க வெப்பம் 18 முதல் 22 டிகிரிக்குள், அதிலும் ஒரு டிகிரிக்கு மேல் ஆடாமல் இருக்க வேண்டும். சமவெளிக்காரர்களுக்கு இதைக் குளிர்விக்கும் கவலை, நமக்குச் சூடாக்கும் கவலை. மீன் வரும் தெர்மோகோல் பெட்டியில் ஒரு சாண் தண்ணீர், படுக்கவைத்த மீன்தொட்டி ஹீட்டர், கூரை ஓட்டின் மேல் கிளாஸ்கள், 20 டிகிரி. கிளாஸ்களை எண் வரிசையில் அடுக்காமல் கலைத்து வையுங்கள். முழு இருட்டில் வைக்கவும் வழிகாட்டி அனுமதிக்கிறது, அதனால் மூடியைப் போட்டு மூடிவிடலாம், கரண்ட் போனாலும் சூடு தங்கும். கை விடும் முன் ஹீட்டரின் ப்ளக்கைப் பிடுங்கிவிடுங்கள். 48 மணி நேரமும் தீனி இல்லை, காற்று ஊதுவதும் இல்லை.

ஆக்சிஜன் அளப்பவர்களுக்கு ஒன்று. கடல்மட்டத்தில் 20 டிகிரி நீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், ஊட்டி உயரத்தில் ஏறத்தாழ 7தான். கருவியில் உயரத்தைப் பதியாமல் விட்டால் காட்டும் எண்ணை நம்ப முடியாது. முடிவில் 3க்குக் குறையாமல் இருந்தால் சோதனை செல்லும்.

எண்ணுவது

24 மணியில் ஒருமுறை, 48 மணியில் ஒருமுறை. கிளாஸைக் கறுப்புத் தாளின் மேல் வைத்துப் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் குஞ்சுகள் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். கிளாஸை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு 15 விநாடி பாருங்கள். அதற்குள் நீந்தாதது முடங்கியது. அடியில் கிடந்து கொம்பை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாலும் முடங்கியதுதான். இந்த இடத்தில் மனசு இளகும். நானும் முதல் தடவை "இன்னும் உயிர் இருக்கே" என்று மூன்றைத் தப்பவிட்டேன். சோதனை கேட்பது சாவை அல்ல, நீச்சலை.

இருபதுக்கு இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம்: கட்டுப்பாடு 0, 10இல் 0, 20இல் 2, 40இல் 7, 80இல் 15, 160இல் 20. பாதி முடங்கும் அளவு, அதாவது ஈசி50, 40க்கும் 80க்கும் நடுவே இருக்கிறது. 40இல் 35 சதவீதம், 80இல் 75 சதவீதம். அந்த 40 சதவீத ஏற்றத்தில் 15 ஏறினால் 50. பங்கு 0.375. அளவு இரண்டிரண்டு மடங்காகப் போவதால் 40ஐ 2இன் 0.375 அடுக்கால் பெருக்க வேண்டும். லிட்டருக்கு 52 மைக்ரோகிராம். எல்லா அளவுகளையும் சேர்த்துக் கணக்கிடும் ஸ்பியர்மன்-கார்பர் முறையில் போட்டால் 49 வரும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் நிம்மதி. உலக ரசாயன வகைப்பாட்டில் 1 மில்லிகிராமுக்குள் வந்தாலே நீர்வாழ் உயிர்களுக்கு உச்ச விஷ வகை. இது அதில் இருபதில் ஒரு பங்கு. ஆனால் நாம் ஊற்றிய அளவு இது, தண்ணீரில் உண்மையில் நின்ற அளவு அல்ல. தாமிரம் கண்ணாடியிலும் ஒட்டும். ஆய்வகத்தில் அளந்து சரிபார்த்தால்தான் அறிக்கையில் போட முடியும்.

கட்டுப்பாட்டில் செத்தால்

கட்டுப்பாட்டில் இருபதுக்கு இரண்டுக்கு மேல் முடங்கினால் மொத்தச் சோதனையும் குப்பை. மீதி எண்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. என் முதல் சோதனையில் கட்டுப்பாட்டிலேயே பதினொன்று போனது. தண்ணீரைச் சந்தேகித்தேன், ஹீட்டரைச் சந்தேகித்தேன், குஞ்சுகளைக் கூடச் சந்தேகித்தேன். கடைசியில் பார்த்தால், டீ கிளாஸ்களை அக்கறையாகப் பாத்திரம் தேய்க்கும் சோப்பில் கழுவி வைத்திருந்தார்கள் வீட்டில். இப்போது சோப்பே கிடையாது. வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் ஐந்து தடவை அலசுகிறேன்.

முடிந்ததும் எல்லாக் கரைசலையும் ஒரு வாளியில் சேருங்கள். சலவை சோடா போட்டால் தாமிரம் நீலப்பச்சைச் சேறாக அடியில் தங்கும். தெளிந்த நீரை வடித்து, சேற்றை உலர்த்தி, கல்லூரி ஆய்வகக் கழிவோடு கொடுத்துவிடுங்கள். மிச்சமிருக்கும் வளர்ப்புப் பூச்சிகளை ஓடையில் விட வேண்டாம். மீன்தொட்டி வைத்திருப்பவர் பக்கத்து வீட்டில் இருப்பார், கேட்டு வாங்கிக்கொள்வார்.