அடுத்த ஊக்குநர் நீங்கள்தான் என்றால்

மகளிர் சுய உதவிக் குழுவில் அடுத்த ஊக்குநர், அதாவது குழுவை முன்நின்று நடத்துகிறவர், யார் என்ற பேச்சு எழுந்தால், எல்லாருடைய பார்வையும் வாயாடித்தனமாகப் பேசுகிறவள் பக்கம்தான் திரும்பும். மகளிர் தின விழாவில் தயங்காமல் வரவேற்புரை சொன்னாளே, அவளே வரட்டும் என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. தருமபுரிப் பக்கம் ஊக்குநராக இருந்துவிட்டு, பிறகு புதிய குழுக்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போனவள் என்ற முறையில் சொல்கிறேன்: கணக்கைப் பிறருக்குப் புரியும்படி வாசிக்கிறவளும், தெரியாததைக் கேட்கக் கூச்சப்படாதவளும்தான் பொறுப்புக்கு வந்தபின் நிற்கிறார்கள். மேடைப் பேச்சு போகப் போக வரும். வராவிட்டாலும் குடி முழுகிவிடாது.

தமிழ்நாட்டில் மகளிர் குழுத் திட்டம் 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு எங்கள் தருமபுரியில்தான் தொடங்கியது. குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தை நபார்டு என்ற தேசிய வேளாண், ஊரக வளர்ச்சி வங்கி 1992இல் கொண்டுவந்தது. அன்றிலிருந்து ஊக்குநரின் வேலை இரண்டு பங்கு ஆகிவிட்டது. உள்ளே உறுப்பினர்களிடமும் பேச வேண்டும், வெளியே அதிகாரிகளிடமும் பேச வேண்டும். பொறுப்பு கைக்கு வந்த பிறகு இதைக் கற்றுக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். சாதாரண உறுப்பினராக இருக்கும்போதே பழகிக்கொள்ள வேண்டும். தவறினாலும் அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

முதலில் கணக்கு. பன்னிரண்டு முதல் இருபது பேர் உள்ள குழுவில் புத்தகம் எழுதுவது எப்படியோ ஒருத்தியின் தலையில் விழுந்துவிடுகிறது. அவரிடம் போய், "அடுத்த கூட்டத்தில் வரவு செலவை நான் வாசிக்கட்டுமா அக்கா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்று எந்த அக்காவும் சொல்ல மாட்டார். "கையிருப்பு 4,350 ரூபாய்" என்று மட்டும் வாசித்தால் யார் காதிலும் ஏறாது. "போன கூட்டத்தில் கையில் 6,200 இருந்தது. அதில் 5,000 கடன் கொடுத்தோம். இன்று சேமிப்பும் தவணையுமாக 3,150 வந்திருக்கிறது. இப்போது கையில் 4,350" என்று வாசியுங்கள். இருந்தது, போனது, வந்தது, நிற்பது என்ற வரிசை மாறக் கூடாது. முதல் நாள் இரவு வீட்டில் குழுவுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். மாமியார் இதற்கு மிகவும் பொருத்தமானவர். "அந்த ஐயாயிரம் யாருக்குப் போனது?" என்று அவர் கேட்டுவிட்டால், நீங்கள் சொன்னது புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்தது கூட்டம் நடத்துவது. ஊக்குநர் வெளியூர் போகும் நாளில் அந்த வாய்ப்பைக் கேட்டு வாங்குங்கள். "எல்லாருக்கும் சம்மதமா?" என்ற கேள்வியை மட்டும் கேட்காதீர்கள். எல்லாரும் தலையாட்டுவார்கள், பிறகு குழாயடியில் போய் உண்மையைப் பேசுவார்கள். "இந்த முடிவால் யாருக்காவது கஷ்டம் வருமா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, வாசற்படி ஓரமாக உட்கார்ந்து எப்போது எழுந்து போகலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பவரிடமிருந்து தொடங்குங்கள். அவர் சொன்னதை உங்கள் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லி, "இதுதானே அக்கா?" என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதன் பிறகே தீர்மானப் புத்தகத்தில் பேனாவை வைக்க வேண்டும்.

நான் பார்த்த தீர்மானப் புத்தகங்களில் பாதிக்கு மேல் ஒரே வரிதான் திரும்பத் திரும்ப இருக்கும்: "உறுப்பினர்கள் தவணையை முறையாகச் செலுத்த வேண்டும் என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்பது இல்லாத வரிக்குக் கையெழுத்து எதற்கு? ஒருவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். ஏகமனதாக என்று எழுதுவதில் நமக்கு ஏன்தான் இவ்வளவு ஆசையோ.

இனி, சிக்கல் வந்தால் என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். ஒரு குழுவில் ஒரு பெண் உள்கடனாக, அதாவது குழுவின் சொந்தப் பணத்திலிருந்து, 30,000 ரூபாய் வாங்கிக் கறவை மாடு பிடித்தார். மாதம் 2,500 வீதம் பன்னிரண்டு தவணை, வட்டி தனி. ஒழுங்காகக் கட்டிக்கொண்டு வந்தவர் திடீரென்று இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை, பணமும் வரவில்லை. அபராதம் போடலாம் என்று ஒரு கட்சி, வீட்டுக்குப் போய்ச் சத்தம் போடலாம் என்று இன்னொரு கட்சி. அடுத்து ஊக்குநராக வரவேண்டும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த இளம்பெண்ணிடம் இதை ஒப்படைத்தோம். வீட்டுக்குப் போகும் முன் மூன்று வரி எழுதிக்கொள்ளச் சொன்னேன்: என்ன நடக்கிறது, எப்போது நடக்கிறது, எப்போது நடக்கவில்லை. மூன்றாவது வரியைத்தான் யாரும் எழுதுவதில்லை, பதில் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். அவள் உறுப்பினர் பாஸ் புத்தகத்தைப் புரட்டி, பால் ஊற்றிய கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். தவணை தவறாமல் விழுந்த மாதங்களும் பால் ஊற்றிய மாதங்களும் ஒன்றாகவே இருந்தன.

பிறகு வீட்டுக்குப் போனாள், தனியாக, மாலை நேரத்தில். ஊக்குநரும் பிரதிநிதிகளுமாகக் கூட்டமாகப் போய் நின்றால் அது விசாரணை ஆகிவிடும், தெருவே எட்டிப் பார்க்கும். வட்டிக்காரர் போல வாசலில் உட்காருகிற வேலை நமக்கு எதற்கு? "ஏன் கட்டவில்லை?" என்று அவள் கேட்கவில்லை. "இந்த மாதம் எந்தப் பணம் அக்கா வரவில்லை?" என்று கேட்டாள். பால் பணம் வரவில்லை. ஏன்? மாடு சினையாக இருக்கிறது, கறவையை நிறுத்திவிட்டார்கள். எத்தனை நாளுக்கு? கன்று போடும் வரை, இரண்டு மாதம்.

மாடு வளர்க்கும் யாருக்கும் தெரிந்த சங்கதிதான் இது. கன்று ஈன்ற மாடு ஏறக்குறைய பத்து மாதம் பால் கொடுக்கும். அடுத்த ஈற்றுக்கு முன் இரண்டு மாதம் கறவையை வற்றவிட வேண்டும். அந்த இரண்டு மாதமும் தீவனச் செலவு உண்டு, வரவு கிடையாது. குழுவில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் மாடு கட்டியிருக்கிறது. இருந்தும் மாட்டுக் கடனுக்கு மளிகைக் கடைக் கடன் போலப் பன்னிரண்டு சமத் தவணை போட்டிருந்தார்கள்! அந்த இளம்பெண் கூட்டத்தில் வந்து ஒரே கணக்கைச் சொன்னாள்: பன்னிரண்டு மாதம் 2,500 என்றாலும் 30,000, பத்து மாதம் 3,000 என்றாலும் 30,000. இனி மாட்டுக் கடன் எல்லாவற்றுக்கும் பால் உள்ள மாதத்தில் 3,000, வற்றிய மாதத்தில் வட்டி மட்டும். மாடு எந்த மாதத்தில் வற்றும் என்பதைக் கடன் கொடுக்கும் அன்றே கேட்டு எழுதிவிட வேண்டும் என்றும் தீர்மானம் போட்டார்கள். உள்கடன் என்பதால் குழுவே இப்படி மாற்றிக்கொள்ள முடிந்தது. வங்கிக் கடனாக இருந்தால் வாங்கும் முன்பே தவணையைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும்.

எல்லாரும் மாடு வற்றித்தான் தவணை தவறுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். பணத்தை வைத்துக்கொண்டே இழுத்தடிப்பவர்களும் உண்டு. அதையும் போய்க் கேட்டால்தானே தெரியும். தெரிந்த பிறகு கூட்டத்தில் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும், முதுகுக்குப் பின்னால் பேசக் கூடாது.

வங்கிக்குப் போகும்போது சுற்றி வளைக்காதீர்கள். எவ்வளவு வேண்டும், எதற்கு, எப்படித் திருப்பிக் கட்டுவோம் என்ற மூன்றையும் உட்கார்ந்தவுடன் சொல்லிவிடுங்கள். மேலாளருக்கு வெளியே இன்னும் பத்துப் பேர் காத்திருப்பார்கள். "அடுத்த வாரம் வாருங்கள்" என்றால் எழுந்து வந்துவிடாதீர்கள். எந்தக் காகிதம் குறைகிறது, எந்தத் தேதியில் வரலாம் என்று கேட்டு, அவர் கண்ணெதிரே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

கிராம சபையில் பேசுவதுதான் பெரிய பயிற்சி. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. "எங்கள் தெருவுக்குத் தண்ணீரே வருவதில்லை" என்று தொடங்கினால், "பார்க்கிறோம் அம்மா" என்று முடித்துவிடுவார்கள். அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "மேற்குத் தெருவில் இரண்டு பொதுக் குழாய். முதல் குழாயில் காலையில் ஒரு மணி நேரம் வருகிறது. கடைசிக் குழாயில் பத்து நிமிடம் சொட்டுகிறது. நடுவில் உள்ள வால்வு கசிகிறது, தொட்டி இயக்குபவரும் வந்து பார்த்தார். வால்வை மாற்றத் தீர்மானம் எழுதுங்கள்." பார்த்ததைச் சொல்லி, கேட்பதை ஒரே வாக்கியத்தில் கேட்டுவிட்டு உட்காருங்கள். இதற்கு முந்தைய வாரமே தெருவில் நடந்து, நேரம் பார்த்து, மனுவை இரண்டு படியாக எழுதியிருக்க வேண்டும். ஒன்றை ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து, மற்றொன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். கூட்டம் முடிந்து பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது உங்கள் தீர்மானம் எழுதப்பட்டிருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். இல்லையென்றால், கூட்டத்தைப் பார்வையிட வந்திருக்கும் அரசு அலுவலரான பற்றாளரிடம் அங்கேயே சொல்லுங்கள்.

உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடம் என்று 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. குழுவில் பழகியவர்கள் வார்டு உறுப்பினராகவும் தலைவராகவும் வருகிறார்கள். ஆனாலும் சில ஊர்களில் தலைவர் நாற்காலியில் மனைவி உட்கார்ந்திருக்க, கணவர் பக்கத்தில் நின்று பதில் சொல்வதைப் பார்க்கிறேன். தன் கையால் கணக்கு எழுதி, தன் காலால் தெருவை நடந்து பார்த்தவளுக்கு அந்தப் பக்கத்துக் குரல் தேவைப்படாது.

கடைசியாக, பொறுப்பை வாங்கும் நாளில் செய்ய வேண்டியது. பழைய ஊக்குநரிடமிருந்து தீர்மானப் புத்தகம், ரொக்கப் பதிவேடு, பேரேடுகள், வங்கிப் பாஸ் புத்தகம், மீதியுள்ள காசோலைகள், பெட்டிச் சாவி எல்லாவற்றையும் ஒரு தாளில் பட்டியலிட்டு, உறுப்பினர்கள் முன்னால் கையிருப்பை எண்ணி, இருவரும் கையெழுத்திடுங்கள். வங்கியில் மாதிரிக் கையெழுத்தை மாற்றத் தீர்மான நகல் கேட்பார்கள். புதிய பெயர்களும் பழைய பெயர்களும் அதில் தெளிவாக இருக்கட்டும். பழைய ஊக்குநர் கோபித்துக்கொள்வாரோ என்று பயந்து, கையிருப்பை எண்ணிப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். ஒழுங்காகக் கணக்கு வைத்தவர் என்றால் அவரே முதலில் பெட்டியைத் திறப்பார்.