பகைத்தவரை மன்னிக்கத் தொடங்குவது எப்படி?

ஞாயிறு ஆராதனையில் கர்த்தருடைய ஜெபத்தைச் சபையோடு சேர்ந்து சொல்லிவரும்போது, "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்ற இடத்தில் மட்டும் குரல் அடைத்துக்கொள்ளும் விசுவாசிகள் ஏறக்குறைய எல்லாத் திருச்சபைகளிலும் இருக்கிறார்கள். பாகப்பிரிவினையில் ஏமாற்றிய அண்ணன், ஜாமீன் கையெழுத்து வாங்கிவிட்டுக் கடனைத் தலையில் கட்டிப் போன நண்பர், சபைத் தேர்தலின்போது பொய்ப் பழி சுமத்தியவர் என ஏதோவொரு முகம் அந்த நேரத்தில் கண்முன் வந்து நின்றுவிடுகிறது. இந்த வழிகாட்டி அப்படிப்பட்ட ஒருவருக்காக எழுதப்படுகிறது.

மனத்தில் கசப்பு முழுவதும் தீர்ந்த பிறகுதான் மன்னிக்க முடியும் என்று நினைத்துக் காத்திருப்பவர்களே அதிகம். இயேசுவின் கட்டளை அப்படிக் காத்திருக்கச் சொல்லவில்லை. மத்தேயு 5:44இல் அவர் சத்துருக்களைச் சிநேகிக்கவும், சபிக்கிறவர்களை ஆசீர்வதிக்கவும், பகைக்கிறவர்களுக்கு நன்மை செய்யவும், துன்பப்படுத்துகிறவர்களுக்காக ஜெபம் பண்ணவும் சொல்கிறார். ஆசீர்வதிப்பதும் நன்மை செய்வதும் ஜெபிப்பதும், காயம் ஆறாத நிலையிலும் ஒரு மனிதன் எழுந்து செய்யக்கூடிய செயல்கள். ஆகவே செயலிலிருந்து தொடங்கலாம். உணர்வு தன் வேகத்தில் பின்னால் வரட்டும்.

நடந்த தீமையை முழுமையாகச் சொல்லுங்கள்

முதல் வேலை, உங்களுக்கு நேர்ந்தது என்ன என்பதைத் தேவனுக்கு முன்பாக ஒளிக்காமல் சொல்வது. "பரவாயில்லை, விடுங்கள்" என்று சீக்கிரமாகச் சொல்லிவிடுவது பக்தியாகத் தோன்றினாலும், அதன்மூலம் எதுவும் மன்னிக்கப்படுவதில்லை. தீமை என்று ஒப்புக்கொள்ளப்பட்ட ஒன்றுக்குத்தான் மன்னிப்பு உண்டு. 55ஆம் சங்கீதத்தை எழுதியவர், தன்னை நிந்தித்தவன் அந்நியனாக இருந்திருந்தால் சகித்திருப்பேன் என்றும், தன்னோடு ஆலயத்துக்குக் கூடிப்போன தோழனே அதைச் செய்தான் என்றும் மனம்விட்டு அழுகிறார். 109ஆம் சங்கீதம் இன்னும் கடுமையானது. இப்படிப்பட்ட ஜெபங்கள் வேதாகமத்தில் இடம்பெற்றிருப்பதே, கோபத்தைத் தேவனிடம் கொண்டுபோக நமக்கு அனுமதி உண்டு என்பதற்கு அடையாளம்.

ஒரு தாளை எடுத்து, அவர் செய்தது என்ன, அதனால் நீங்கள் இழந்தது என்ன, உங்கள் பிள்ளைகள் இழந்தது என்ன என்று எழுதுங்கள். தொகை இருந்தால் தொகையையும் எழுதுங்கள். அதை வாசித்து ஜெபியுங்கள். அந்தத் தாளை உறவினர்களிடம் காட்டவும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிரவும் வேண்டாம்; அங்கே போனால் அது ஜெபம் என்ற நிலையிலிருந்து வழக்கு என்ற நிலைக்கு மாறிவிடும். தனியாகச் சுமக்க முடியாவிட்டால், இரகசியம் காக்கக்கூடிய ஒரு போதகரோ முதிர்ந்த விசுவாசியோ உடனிருக்கலாம்.

கணக்கைப் பெரிய கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்

இதற்கு அடுத்ததாக மத்தேயு 18ஆம் அதிகாரத்தின் உவமையை நிதானமாக வாசிக்க வேண்டும். ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரன் ஒருவன் முழுக்கடனும் மன்னிக்கப்பட்டு வெளியே வருகிறான். வந்ததும், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய உடன்வேலைக்காரனின் கழுத்தைப் பிடிக்கிறான். ஒரு வெள்ளிப்பணம் அக்காலத்தில் ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம். அப்படியானால் முதல் கடன் ஆறு கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் உழைத்தாலும் தீர்ப்பதற்கு இரண்டு இலட்சம் ஆண்டுகள் பிடிக்கும்.

பிரசங்கங்களில் பெரும்பாலும் இந்த முதல் எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு இரண்டாவது எண் அதைவிட முக்கியமாகப் படுகிறது. நூறு வெள்ளிப்பணம் என்பது ஏறக்குறைய நான்கு மாதச் சம்பளம். அன்றாடம் உழைத்துச் சாப்பிடும் ஒருவனுக்கு அது அற்பத் தொகை அல்ல. அதைத் திருப்பித் தராதவன் உண்மையாகவே அநியாயம் செய்தவன். உங்களுக்கு நேர்ந்த இழப்பு சிறியது என்று இயேசு எங்கும் சொல்லவில்லை. ஆனால் அந்த இழப்பை அவர் தனியே எடைபோட விடுவதில்லை. உங்களுக்கு ஏற்கெனவே தள்ளுபடியான கடனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்.

இரட்சிப்பு இந்தக் காரியத்துக்குள் வரும் இடம் இதுதான். நாம் தேவனுக்குச் சத்துருக்களாயிருக்கையில் அவருடைய குமாரனின் மரணத்தினாலே அவரோடு ஒப்புரவாக்கப்பட்டோம் என்று ரோமர் 5:10 கூறுகிறது. நாம் திருந்திய பிறகு வந்த கிருபை அல்ல அது. சத்துருவை நேசிப்பது கிறிஸ்தவனுக்கு விதிக்கப்பட்ட கூடுதல் சுமை என்று எண்ணுகிறவர், தாம் எந்த அன்பினால் இரட்சிக்கப்பட்டோம் என்பதை மறந்துவிட்டவர். சத்துருவாயிருந்த நிலையில் நேசிக்கப்பட்டவனே விசுவாசி. ஆகையால் மன்னிக்கும் பலம் வரவில்லை என்று தோன்றும் நாட்களில் உங்கள் மனஉறுதியைக் கூட்ட முயல வேண்டாம். உங்களுக்கு மன்னிக்கப்பட்டவற்றை, முடிந்தால் குறிப்பாகவே, நினைவுக்குக் கொண்டுவந்து நன்றி செலுத்துங்கள். நான் அறிந்தவரை இதற்கு மாற்று வழி இல்லை.

பெயரைச் சொல்லி ஜெபியுங்கள்

சத்துருவுக்காக ஜெபிப்பது என்றால், "ஆண்டவரே, அவனுக்குப் புத்தி கொடும்" என்று மன்றாடுவதாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது பல வேளைகளில் ஜெபத்தின் உருவில் வரும் புகார்தான். உங்கள் வீட்டுக்காக எதை வேண்டுவீர்களோ அதை அவர் வீட்டுக்காகவும் வேண்டுங்கள்: அவருடைய சர்க்கரை நோய் கட்டுப்பட வேண்டும், மகளுக்கு நல்ல வரன் அமைய வேண்டும், மகன் பன்னிரண்டாம் வகுப்பில் தேற வேண்டும். முதல் நாட்களில் சொற்கள் வறண்டுதான் வரும். அது மாய்மாலம் ஆகாது. விருப்பமில்லாமல் கீழ்ப்படிவதும் கீழ்ப்படிதலே.

இயேசுவின் மேலுள்ள விசுவாசத்துக்காக முதலில் உயிர்விட்ட ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றவர்கள் தங்கள் வஸ்திரங்களைச் சவுல் என்ற வாலிபனின் பாதத்தருகே கழற்றி வைத்தார்கள். அந்தப் பாவத்தை அவர்கள்மேல் சுமத்தாதிரும் என்று முழங்காற்படியிட்டுச் சொல்லிவிட்டே ஸ்தேவான் மரித்தார். அதே சவுல்தான் பின்னாளில் பவுலாக மாறி, "உன் சத்துரு பசியாயிருந்தால், அவனுக்குப் போஜனங்கொடு" என்று ரோமருக்கு எழுதினார். உங்கள் ஜெபம் என்ன பலன் தரும் என்பதை நீங்கள் உயிரோடிருந்து பார்ப்பீர்கள் என்ற உறுதி இல்லை, ஸ்தேவான் பார்க்கவில்லை.

நல்லது கெட்டதுக்குப் போங்கள்

யாத்திராகமம் 23:4, 5 வசனங்கள் இந்தக் காரியத்தில் மிகவும் நடைமுறையானவை. சத்துருவின் மாடாவது கழுதையாவது தப்பிப்போகக் கண்டால் அதைத் திரும்ப அவனிடத்தில் கொண்டுபோய் விட வேண்டும். அவனுடைய கழுதை சுமையோடே விழுந்துகிடந்தால் உதவி செய்ய வேண்டும். அவனைக் கட்டித்தழுவச் சொல்லவில்லை; ஒரு நேரத்து உதவியை மட்டும் கேட்கிறது. சமாரியாவில் வளைக்கப்பட்ட சீரிய சேனையை வெட்டலாமா என்று இஸ்ரவேலின் ராஜா கேட்டபோது, அவர்களுக்கு அப்பமும் தண்ணீரும் வைக்கச் சொன்னார் எலிசா தீர்க்கதரிசி; ராஜா பெரிய விருந்தே செய்து அவர்களை அனுப்பிவைத்தான் (2 இராஜாக்கள் 6).

நம் குடும்பங்களில் பகைக்கு அடையாளம், நல்லது கெட்டதுக்குப் போகாமல் இருப்பது. பேச்சுவார்த்தை நின்றுபோன வீட்டில் ஒரு மரணம் நிகழ்ந்தால், அழைப்பை எதிர்பார்க்காமல் துக்க வீட்டுக்குப் போங்கள்; அடக்க ஆராதனையில் பின்வரிசையில் இருந்துவிட்டு வந்தாலும் போதும். வழியில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பாமல் ஸ்தோத்திரம் சொல்லுங்கள். அவர்களைப் பற்றி யாராவது குறைகூறத் தொடங்கினால் அதற்கு எண்ணெய் வார்க்காதீர்கள். இவை சிறியவை என்று தோன்றும். செய்துபார்க்கிறவருக்குத்தான் இவற்றின் பாரம் தெரியும்.

மத்தியப் பிரதேசத்தில் ஏழை விவசாயிகளைக் கந்துவட்டிப் பிடியிலிருந்து விடுவிக்கப் பாடுபட்ட கேரளத்து அருட்சகோதரி ராணி மரியா, 1995 பிப்ரவரி 25 அன்று இந்தூருக்குப் போகும் வழியில் பேருந்துப் பயணத்தின்போது குத்திக் கொல்லப்பட்டார். கொலை செய்த சமுந்தர் சிங்கை, ராணி மரியாவின் உடன்பிறந்த தங்கையான அருட்சகோதரி செல்மி பால் 2002இல் சிறையில் சந்தித்து, கையில் ராக்கி கட்டித் தம் சகோதரனாக ஏற்றுக்கொண்டார். சமுந்தர் சிங்கின் விடுதலைக்காகவும் ராணி மரியாவின் குடும்பத்தார் மன்றாடினார்கள். விடுதலையான அவர் ராணி மரியாவின் தாயைக் கேரளத்தில் சென்று கண்டார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியா, கத்தோலிக்கத் திருச்சபையில் புனிதர் நிலைக்கு முந்தைய படியான அருளாளராக உயர்த்தப்பட்டார். கொலைக்கும் அந்த ராக்கிக்கும் இடையே ஏழு ஆண்டுகள் கடந்திருக்கின்றன என்பதை அவசரப்படுத்தும் ஆலோசகர்கள் கவனிக்க வேண்டும்.

மன்னிப்பையும் நீதியையும் குழப்பாதீர்கள்

மன்னித்தால் வழக்கை வாபஸ் வாங்க வேண்டும், மறுபடியும் பணம் கொடுக்க வேண்டும், பழையபடி ஒரே வீட்டில் வாழ வேண்டும் என்று வற்புறுத்துகிறவர்கள் சபைகளில் உண்டு. இது தவறான போதனை. பலரை, குறிப்பாகப் பெண்களை, இது நொறுக்கியிருக்கிறது.

ஒடிசாவில் தொழுநோயாளிகளிடையே பணியாற்றிய ஆஸ்திரேலிய மிஷனெரி கிரஹாம் ஸ்டெயின்ஸும், 10 வயது மகன் பிலிப்பும், 6 வயது மகன் திமொத்தேயுவும் 1999 ஜனவரியில் மனோகர்பூர் கிராமத்தில் தங்கள் வண்டிக்குள் உறங்கிக்கொண்டிருந்தபோது உயிரோடு எரிக்கப்பட்டார்கள். அவருடைய மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னித்துவிட்டதாக அறிவித்தார்; மன்னிப்பு வேறு, குற்றத்துக்குச் சட்டப்படி நேரும் விளைவு வேறு என்பதையும் தெளிவாகவே சொன்னார். முதன்மைக் குற்றவாளியான தாரா சிங்குக்கு 2003இல் விதிக்கப்பட்ட மரண தண்டனை 2005இல் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, 2011இல் உச்ச நீதிமன்றத்தால் உறுதிசெய்யப்பட்டது. நீதிமன்றம் தன் வேலையைச் செய்தது. கிளாடிஸ் கணவரின் மரணத்துக்குப் பின்னும் பாரிபதாவில் தங்கித் தொழுநோயாளிகளுக்கான பணியைத் தொடர்ந்தார். பவுலும் பிலிப்பியில், விசாரிக்காமல் தங்களை அடித்த அதிகாரிகள் தாங்களே வந்து வெளியே அழைத்துவிட வேண்டும் என்று ரோமக் குடியுரிமையைக் காட்டிக் கேட்டார் (அப்போஸ்தலர் 16:37).

நம்பிக்கை மறுபடியும் துளிர்ப்பதும் தனிக் காரியம். தன்னை அடிமையாக விற்ற சகோதரரை எகிப்தில் கண்டவுடன் யோசேப்பு தன்னை வெளிப்படுத்தவில்லை. அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று சோதித்தார். ஒருகாலத்தில் தன்னை விற்கச் சொன்ன யூதாவே, கடைசித் தம்பி பென்யமீனுக்குப் பதிலாகத் தான் அடிமையாயிருப்பதாக மன்றாடிய பிறகுதான் அழுது வெளிப்பட்டார். அதற்குப் பிறகும் அந்தச் சகோதரர் முழுமையாக நம்பவில்லை. தகப்பன் யாக்கோபு எகிப்தில் 17 ஆண்டுகள் வாழ்ந்து மரித்ததும், இனி யோசேப்பு பழிவாங்குவார் என்று நடுங்கினார்கள். கொடுக்கப்பட்ட மன்னிப்பைப் பெற்றுக்கொள்வதற்கே இத்தனை காலம் பிடிக்கிறது. எனவே அடிக்கிற கணவனை மன்னிக்கும் மனைவி, அந்த வீட்டுக்குத் திரும்பக் கடமைப்பட்டவள் அல்ல. பாதுகாப்பான இடத்திலிருந்தும், தேவைப்பட்டால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தும், அவள் அவனுக்காக ஜெபிக்கலாம். அவளை மன்னிக்கச் சொல்லும் போதகர், அவனிடம் மனந்திரும்புதலின் கனியைக் கேட்டாரா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

தவறு உங்கள் பக்கமும் இருந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லும் மத்தேயு 5:23, 24 உங்களுக்குரியது. போகும்போது வெறும் வார்த்தையோடு போகாதீர்கள். வரி வசூலிப்பவரான சகேயு, தாம் அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார்.

கோபம் திரும்ப வரும்போது

கோபம் நிச்சயம் திரும்ப வரும். பத்திரப்பதிவு அலுவலகத்தைக் கடக்கும்போது, ஒரு திருமண வீட்டில் அவர் சிரிப்பதைப் பார்க்கும்போது, பழைய எரிச்சல் முழுவதுமாக எழும். அதைக் கொண்டு, தான் செய்த மன்னிப்பு பொய் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று கேட்ட பேதுருவுக்கு ஏழெழுபதுதரம் என்று இயேசு சொன்னது வெவ்வேறு குற்றங்களுக்கு மட்டுமல்ல, நினைவில் மீண்டும் மீண்டும் எழுந்துவரும் ஒரே குற்றத்துக்கும் பொருந்தும் என்றே நான் வாசிக்கிறேன். எழும்போதெல்லாம், அந்தப் பெயரைச் சொல்லி, மேலே சொன்ன ஜெபத்தை மறுபடியும் ஏறெடுங்கள். எதிராளி மரித்துப்போயிருந்தால், ஜெபத்தில் அவருடைய கடனைத் தேவனிடம் ஒப்படைத்து, நன்மை செய்வதை அவர் பிள்ளைகளிடம் செய்யலாம். அவர் உயிரோடிருந்தும் சமாதானத்துக்கு இணங்காவிட்டால், "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்று ரோமர் 12:18 வைத்திருக்கும் எல்லையோடு உங்கள் பொறுப்பு முடிகிறது. கதவை மட்டும் தாழிடாமல் வைத்திருங்கள்.

ஒரு காரியத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அந்த வீட்டுப் பெரியப்பா யார், அத்தை யார், அவர்கள் பிள்ளைகளின் பெயர் என்ன என்பதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அவர்கள் வீட்டுத் திருமணத்துக்கு உங்களால் இந்த ஆண்டு போக முடியாவிட்டாலும், போக விரும்பும் மகனையும் மகளையும் தடுக்காமல், கையில் மொய்ப்பணம் கொடுத்து அனுப்புங்கள்.