பூரணம் கெடாத கொழுக்கட்டை: மக்கும் நுண்துகள்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தடுப்பூசிப் புரதத்தையோ மரபணுவையோ மக்கும் பாலிமர் துகளுக்குள் பூரணம்போல வைத்து, உடலில் மெல்ல மெல்ல வெளிவிடச் செய்வது எங்கள் வேலை. மே மாத மதியத்தில் மதுரை வெயில் 40 டிகிரியைத் தொடும். பாலிமரைக் கரைக்க நாங்கள் பயன்படுத்தும் டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பான் கொதிப்பதும் கிட்டத்தட்ட அதே 40 டிகிரியில்தான். இதை மறந்ததால் எங்கள் ஆய்வகத்தில் ஒரு பேட்ச் முழுக்க வீணானது. கரண்ட் போய் ஏசி நின்றது. நிதானமாக ஆவியாக வேண்டிய கரைப்பான் அவசரமாகப் பறந்துவிட்டது. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு துகளும் ஆப்பம்போல ஓட்டை ஓட்டையாக இருந்தது. அப்படிப்பட்ட துகள் மருந்தை வாரக்கணக்கில் சேமித்து வைக்காது, முதல் நாளே கொட்டிவிடும்.

துகள் செய்யும் பொருள் பி.எல்.ஜி.ஏ. என்ற பாலிமர். ஆபரேஷன் முடிந்ததும் உடலிலேயே கரையும் தையல் நூலும் இதே குடும்பம்தான். நீர் பட்டால் மெல்ல மெல்ல லாக்டிக், கிளைகாலிக் அமிலங்களாகப் பிரிந்து மறைந்துவிடும். மாதம் ஒருமுறை போடும் புராஸ்டேட் புற்றுநோய் ஊசி ஒன்று இந்தத் துகள்களை வைத்து 1989-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் அதனுள் இருந்தது சின்ன பெப்டைடு, அதாவது குட்டிப் புரதத் துண்டு. தடுப்பூசிப் புரதமும் மரபணுவும் அவ்வளவு முரட்டுச் சரக்கு இல்லை.

புராஜெக்டுக்கு வரும் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். துகளைக் கரைத்து, 260 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் அளந்து, "டி.என்.ஏ. நல்லா உள்ளே போயிருக்கு சார்" என்று சந்தோஷமாக வந்து நிற்பார்கள். துண்டு துண்டாக உடைந்த டி.என்.ஏ.வும் அதே ஒளியை உறிஞ்சும் என்பதை யோசிப்பதில்லை. மின்சாரம் பாய்ச்சி ஜெல்லில் ஓடவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். முறுக்கு கலையாத பிளாஸ்மிட் (மரபணுவைச் சுமக்கும் வளைய டி.என்.ஏ.) முந்தி ஓடும், ஓரிழை அறுந்தது பின்தங்கும், நொறுங்கியது வரியெங்கும் புகைபோலப் பரவும். புரதத்திலும் இதே கதைதான். மொத்தப் புரத அளவு உருக்குலைந்ததையும் சேர்த்தே எண்ணும். ஆன்டிபாடி அதை இன்னும் அடையாளம் காண்கிறதா என்று எலைசா சோதனையில் பார்க்காமல் எண்ணை நம்பாதீர்கள்.

உடைப்பது பெரும்பாலும் மீயொலியால் கலக்கும் சோனிகேட்டர்தான். தண்ணீர்த் துளியைப் பாலிமர் கரைந்த கரைப்பானிலும் (அதுதான் எண்ணெய்ப் பக்கம்), அதை மறுபடி தண்ணீரிலும் கலக்கும் இரட்டைப் பால்மத்தில், சீக்கிரம் முடியட்டும் என்று சோனிகேட்டரை முழு சக்தியில் வைத்தால் பிளாஸ்மிட் நூலாகக் கிழிந்துபோகும். ஐஸில் வைத்து, குறைந்த சக்தியில், விட்டு விட்டு அடியுங்கள். புரதத்துக்கு இன்னொரு கண்டம், தண்ணீரும் கரைப்பானும் சந்திக்கும் விளிம்பு. அங்கே புரதம் விரிந்து குலைந்துவிடும். அதைத் தடுக்க மாட்டு ஆல்புமினைச் சேர்ப்பவர்கள், தடுப்பூசிச் சோதனையில் எலியின் உடல் அந்த மாட்டு ஆல்புமினுக்கும் எதிர்ப்பு காட்டும்போது திகைக்கிறார்கள். ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை சில புரதங்களுக்குக் கைகொடுக்கும், அதை முதலில் சோதித்துப் பாருங்கள்.

மாவுக்கு வெளியே ஒட்டிய பூரணத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மேற்பரப்பில் ஒட்டியதைக் கழுவாமல் அளந்தால், உள்ளே போனது அதிகமாகத் தெரியும், முதல் நாளே சரக்கு கொட்டும் 'வெடிப்பும்' பெரிதாக வரும்.

"மக்கும் பாலிமர்தானே, தீங்கு இல்லை" என்ற நினைப்பும் ஆபத்து. உடலுக்குத் தீங்கில்லை, உள்ளே இருப்பவருக்குத்தான் தொல்லை. துகள் சிதையச் சிதைய அமிலம் உள்ளே தேங்கி, பி.எச். 3-க்கும் கீழே இறங்கலாம். துகளை ஊறவைத்த பஃபர் கரைசலின் பி.எச். 7.4 என்று நிம்மதியடைவது, வாசல் திண்ணையில் உட்கார்ந்து அடுக்களைச் சூட்டைக் கணிப்பது மாதிரி. மெக்னீசியம் ஹைட்ராக்சைடு சேர்த்து அமிலத்தை அடக்கும் வழி உண்டு.

அளவும் முக்கியம். நோயெதிர்ப்புச் செல்கள் விழுங்க வேண்டுமானால் துகள் 10 மைக்ரானுக்குள் இருப்பது நல்லது. சராசரியை மட்டும் எழுதிவிட்டுப் பரவலை விட்டுவிடாதீர்கள். கிருமி நீக்க ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் போட்டால் துகள் இளகி ஒட்டிக்கொள்ளும். காமா கதிரோ பாலிமர் சங்கிலியையும் டி.என்.ஏ.வையும் அறுக்கும். ஆரம்பத்திலிருந்தே கரைசல்களை வடிகட்டி, கிருமியில்லாமல் செய்வதைத் தவிர வேறு சுலபமான வழி தெரியவில்லை.

கடைசியாக, துகளைச் சேமிக்கும் குப்பி. காய்ந்த பி.எல்.ஜி.ஏ. 45 முதல் 50 டிகிரி அளவில் இளகத் தொடங்கும். ஈரம் ஏறினால் அதற்கும் முன்பே. நம்மூர் வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் ஒரு மதியம் கிடந்தால் போதும், நாட்டுச் சர்க்கரை கட்டிப்போனது போல ஆகிவிடும். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் மூடியைத் திருகவும் வேண்டாம். குப்பியின் வெளியே வியர்த்த நீர் தானாகக் காயட்டும். அதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.