பத்தியை எங்கே உடைப்பது?

சிறுகதை எழுதும்போது ஐந்தாறு வரி ஆனதும் என்டர் தட்டுவது நம்மில் பலருக்குப் பழக்கம். வரிக்கணக்கை விட்டுவிடுங்கள். இடம், நேரம், பேசுகிற ஆள், வாசகரின் கண் போகும் பக்கம், இவற்றில் ஒன்று மாறினால் புதுப் பத்தி. அவ்வளவுதான்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பத்தியின் கடைசி வாக்கியத்துக்குத்தான் கனம் அதிகம். அதன் பிறகு வெற்றிடம் வருகிறது, வாசகர் அங்கே ஒரு கணம் நிற்கிறார். இதைப் பாருங்கள்:

"அம்மா அடுப்பை அணைத்தாள். தட்டில் இரண்டு தோசை வைத்தாள். அப்பாவின் நாற்காலி காலியாக இருந்தது. சட்னியை எடுத்து வந்தாள்."

காலி நாற்காலி தோசைக்கும் சட்னிக்கும் நடுவே அமுங்கிப் போகிறது. இப்போது:

"அம்மா அடுப்பை அணைத்தாள். தட்டில் இரண்டு தோசை வைத்தாள். சட்னியை எடுத்து வந்தாள்.

அப்பாவின் நாற்காலி காலியாக இருந்தது."

ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. ஆனாலும் வீட்டில் என்னவோ நடந்திருக்கிறது என்று மனசு பதறுகிறது, இல்லையா?

இந்த ஒற்றை வரிப் பத்தியை ஒரு கதையில் இரண்டு மூன்று இடத்தோடு நிறுத்துங்கள். அடிக்கடி வந்தால் அதிர்வு போய்விடும். அப்புறம், உரையாடலில் ஆள் மாறும்போதெல்லாம் பத்தியையும் மாற்றினால் பாதி 'என்றான்', 'என்றாள்' தானாகவே உதிர்ந்துவிடும்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு பத்தியின் கடைசி வாக்கியத்தை மட்டும் வரிசையாகப் படியுங்கள். எது சப்பென்று இருக்கிறதோ, அந்தப் பத்தியில் வாக்கியங்களை இடம் மாற்றிப் பாருங்கள்.