ஸ்விட்ச் இட் ஆஃப்: ஃபிரேசல் வெர்பில் நடுவே எது வரும், எது வராது

பிக்கப் பண்ணு, லாகின் பண்ணு, செட்டப் பண்ணு, ஸ்விட்ச் ஆஃப் பண்ணு. ஆங்கிலத்திலிருந்து இவற்றை வாங்கும்போதே தமிழ் இரண்டு சொல்லையும் ஒன்றாக ஒட்டி, பெயர்ச்சொல்போல ஆக்கி, பின்னால் ஒரு 'பண்ணு' வைத்துக்கொண்டது. தமிழுக்கு அது வசதிதான். அந்த ஒட்டிய சொல்லோடு ஆங்கிலம் பேசப் போகும்போதுதான் 'ஸ்விட்ச் ஆஃப் இட்', 'ஐ வில் பிக்கப் யூ' என்று வருகிறது. இரண்டும் பிழை. 'ஸ்விட்ச் இட் ஆஃப்', 'ஐ வில் பிக் யூ அப்' என்பதே சரி. ஆங்கிலத்தில் அது ஒரு வினையும் அதன் பின் வரும் ஆஃப், அப், இன் போன்ற ஓர் ஒட்டுச்சொல்லும் சேர்ந்தது; அந்தச் சேர்க்கைக்குத்தான் ஃபிரேசல் வெர்ப் என்று பெயர். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. ஃபிரேசல் வெர்பில் நம்மவர்கள் தடுக்குவது பொருளில் அல்ல, பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பெயருக்கு இரண்டு இடம், இட்டுக்கு ஒரே இடம்

செயப்படுபொருள் பெயர்ச்சொல்லாக இருந்தால் எங்கே வைத்தாலும் சரி: 'ஸ்விட்ச் ஆஃப் த ஃபேன்', 'ஸ்விட்ச் த ஃபேன் ஆஃப்'. அதுவே இட், ஹிம், ஹெர், தெம், மீ, யூ, அஸ் என்ற குட்டிச் சொற்களில் ஒன்றாக இருந்தால் நடுவில்தான் வர வேண்டும். 'ஷூவைக் கழற்று' என்பதற்கு 'டேக் ஆஃப் யுவர் ஷூஸ்' சொல்லலாம். 'அவற்றைக் கழற்று' என்றால் 'டேக் தெம் ஆஃப்' மட்டுமே.

இதற்குக் காரணம் அழுத்தம். ஆங்கில வாக்கியத்தில் கடைசி இடம் கனமானது. புதிய செய்தி அங்கே போய் உட்காரும். 'இட்' என்பது ஏற்கெனவே பேச்சில் வந்துவிட்ட பொருள், அதில் புதிதாக எதுவும் இல்லை. அதனால் அது உள்ளே ஒதுங்கிக்கொள்ள, 'ஆஃப்' கடைசியில் நின்று கனத்தைத் தாங்குகிறது. ஒருவரை மற்றொருவரிடமிருந்து பிரித்துக் காட்டும்போது மட்டும், 'அவளை அல்ல, அவனை' என்ற தொனியில் 'ஹிம்' மீது அழுத்தம் வைத்து 'பிக் அப் ஹிம், நாட் ஹெர்' என்று சொல்வதுண்டு. கற்கும் நிலையில் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

பெயர்ச்சொல்லுக்கு இரண்டு இடம் உண்டு என்றாலும், நீளமான தொடரை நடுவில் திணிக்காதீர்கள். 'ஸ்விட்ச் த ஃபேன் இன் த ரூம் நெக்ஸ்ட் டு த கிச்சன் ஆஃப்' என்றால், கேட்பவர் 'ஆஃப்' வரும்வரை போடச் சொல்கிறார்களா அணைக்கச் சொல்கிறார்களா என்று தெரியாமல் காத்திருக்க வேண்டும். மூன்று சொல்லுக்கு மேல் போனால் பின்னால் வைப்பது நல்லது.

நடுவில் செயப்படுபொருளை விடாதவை

லுக் ஆஃப்டர், லுக் ஃபார், ரன் இன்ட்டு, கம் அக்ராஸ், கால் ஆன் போன்றவை பார்வைக்கு அதே மாதிரிதான் இருக்கும். ஆனால் 'லுக் ஹிம் ஆஃப்டர்' என்று எவரும் சொல்வதில்லை. 'லுக் ஆஃப்டர் ஹிம்' மட்டும்தான். இவற்றில் இரண்டாவது சொல் வினையைவிடத் தனக்குப் பின்னால் வரும் பெயரோடுதான் நெருக்கம்.

வேறுபாட்டைக் கண்டுபிடிக்க நல்ல ஜோடி ஒன்று: 'ஹீ ரேன் அப் த ஹில்', 'ஹீ ரேன் அப் எ பில்'. முதலாவது, குன்றின்மேல் ஓடினான். இரண்டாவது, கடனையோ கட்டணத்தையோ ஏற்றிக்கொண்டான். 'இட்' போட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்படும். குன்றுக்கு 'ஹீ ரேன் அப் இட்', பில்லுக்கு 'ஹீ ரேன் இட் அப்'. இன்னொரு சோதனை, நடுவில் வேகத்தையோ கவனத்தையோ சொல்லும் சொல்லைச் செருகுவது. 'லுக் கேர்ஃபுலி அட் இட்' இயல்பாக இருக்கிறது. 'ஸ்விட்ச் குவிக்லி ஆஃப் த ஃபேன்' இடறுகிறது. நடுவில் பொருளை ஏற்கும் ஃபிரேசல் வெர்ப் இப்படிப்பட்ட சொல்லை அங்கே ஏற்காது.

காதை நம்பவும் பழகலாம். 'ஸ்விட்ச் இட் ஆஃப்' என்பதில் 'ஆஃப்' ஓங்கி ஒலிக்கும். 'லுக் அட் இட்' என்பதில் 'லுக்' ஓங்கும், 'அட்' அமுங்கிவிடும்.

இடம் மாறினால் பொருளே மாறும் ஜோடிகள்

'ஐ ஸா த்ரூ ஹிம்' என்றால் அவன் போடும் வேஷம் எனக்குப் புரிந்துவிட்டது என்று பொருள். 'ஐ ஸா ஹிம் த்ரூ' என்றால் கஷ்ட காலத்தில் கூட நின்று அவனைக் கரைசேர்த்தேன். அதே நான்கு சொல்தான். 'ஹிம்' நகர்ந்ததில் ஏமாற்றுக்காரன் நண்பனாகிவிட்டான். 'சீ இட் த்ரூ' என்பது எடுத்த காரியத்தை முடிவுவரை கொண்டுபோவது.

'கெட் ஓவர்' அடுத்தது. 'ஷீ காட் ஓவர் இட்': நோயிலிருந்தோ துக்கத்திலிருந்தோ மீண்டாள். 'லெட்ஸ் கெட் இட் ஓவர் வித்': பிடிக்காத வேலையைச் சட்டென்று முடித்துத் தொலைத்துவிடுவோம். இதில் கடைசியில் 'வித்' சேர்த்துச் சொல்வதே வழக்கம். இத்தகைய ஜோடிகளை விதியாக அல்லாமல், முழு வாக்கியமாகவே மனத்தில் ஏற்றிக்கொள்வது எளிது.

மூன்று சொல் கொண்டவை பெரும்பாலும் பிரியாது: புட் அப் வித், ரன் அவுட் ஆஃப், லுக் ஃபார்வர்ட் டு. பெயரோ 'இட்'டோ எல்லாம் முடிந்த பிறகே வரும். 'லுக் ஃபார்வர்ட் டு' பற்றி ஓர் எச்சரிக்கை: அதிலுள்ள 'டு' பெயருக்கு முன்னால் நிற்கும் முன்னிடைச்சொல் (பிரிப்பொசிஷன்). ஆகவே 'டு மீட்டிங் யூ' என்றுதான் வரும், 'டு மீட் யூ' வராது. வேலைக்கு எழுதும் மின்னஞ்சலின் கடைசி வரியில் அடிக்கடி விழும் பிழை இது.

காலம் காட்டுவது முதல் சொல்

ஒட்டிய சொல்லாக நினைப்பதால் 'லாகின்டு', 'பிக்கப்டு' என்ற வடிவங்களும் வந்துவிடுகின்றன. காலமும் ஒருமை பன்மையும் வினையில்தான் ஏறும்: 'லாக்ட் இன்', 'பிக்ட் ஹிம் அப்', 'ஷீ பிக்ஸ் ஹிம் அப்'. எழுதும்போது வினையாக வந்தால் இரண்டு சொல், பெயராக வந்தால் ஒரே சொல்லாகவோ இடையில் சிறுகோடு போட்டோ எழுதுவார்கள். பெயரில் அழுத்தம் முதல் அசைக்கு நகரும். 'பேக்கப்' என்ற பெயரில் 'பேக்' ஓங்கும். 'பேக் இட் அப்' என்ற வினையில் 'அப்' ஓங்கும்.

செயப்பாட்டு வினையில் நடு இடம் காலியாகி இரண்டும் மறுபடி சேர்ந்துகொள்ளும்: 'த மீட்டிங் வாஸ் கால்ட் ஆஃப்'. பின்னால் எதுவும் இல்லையே என்று அந்த 'ஆஃப்'பை விழுங்கிவிட்டால், கூட்டம் ரத்தானது என்ற செய்தி கூட்டம் கூட்டப்பட்டது என்று தலைகீழாகிவிடும்.

காதுக்கு எப்படி விழும்

படித்தால் புரிகிறது, பேசினால் பிடிபடவில்லை என்பதற்கு ஒலிச் சேர்க்கை ஒரு முக்கியக் காரணம். 'பிக் இட் அப்' என்பது காதில் 'பிக்கிட்டப்'. 'பிக் ஹிம் அப்' என்பதில் ஹகரம் உதிர்ந்து 'பிக்கிமப்'. மெய்யின்மேல் உயிர் ஏறும் நம் புணர்ச்சிதான் இது, புதிதல்ல. மூன்று சொல்லையும் ஒரே மூச்சில், கடைசி அசையை ஓங்கிச் சொல்லிப் பழகினால் கேட்பதும் தெளியும்.

நம் பக்கத்து வழக்குகள் சில. 'ஆஃப் த லைட்' என்று வினையை விட்டுவிட்டு ஒட்டை மட்டும் சொல்வது சிங்கப்பூர், மலேசியாவிலும் உண்டு. எழுத்தில் 'ஸ்விட்ச்' அல்லது 'டர்ன்' வேண்டும். 'கோப் அப் வித்' என்பதில் 'அப்' கூடாது, 'கோப் வித்' போதும். படிவத்துக்கு 'ஃபில் இன்' பிரிட்டிஷ் வழக்கு, 'ஃபில் அவுட்' அமெரிக்க வழக்கு. 'ஃபில் அப்' பெட்ரோல் டேங்குக்கு.

பழகும் முறை

நோட்டில் எழுதும்போதே 'ஸ்விட்ச் ஆஃப் = அணை' என்று எழுதாதீர்கள்; அதுதான் மறுபடி ஒட்டிவிடுகிறது. 'ஸ்விட்ச் இட் ஆஃப்', 'லுக் ஆஃப்டர் ஹிம்' என்று குட்டிச் சொல்லை அதன் இடத்தில் வைத்தே எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து போதும். பிறகு கேள்வியைப் பெயரோடு கேட்டு, பதிலை 'இட்' போட்டுச் சொல்லுங்கள்: 'ஹாவ் யூ ஃபில்ட் இன் த ஃபார்ம்?' 'யெஸ், ஐ ஃபில்ட் இட் இன்.' 'டிட் யூ கம் அக்ராஸ் மை கீஸ்?' 'யெஸ், ஐ கேம் அக்ராஸ் தெம்.' பிரியும் வினையையும் பிரியாத வினையையும் மாற்றி மாற்றிக் கேட்டால்தான் பயன்.

சந்தேகம் வந்தால் லாங்மேன் போன்ற கற்போர் அகராதியைப் பாருங்கள். வினைக்கும் ஒட்டுக்கும் இடையே 'சம்திங்' என்று போட்டுப் பக்கத்தில் இருபக்க அம்புக்குறி இருந்தால், பெயர்ச்சொல்லை நடுவிலும் வைக்கலாம், பின்னாலும் வைக்கலாம். 'சம்திங்' கடைசியில் மட்டும் நின்றால் நடுவில் கை வைக்காதீர்கள்.