வெங்காய டிப் ஏன் நீர்த்துப் போகிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் வெங்காய டிப், அதாவது சிப்ஸ், தட்டை போன்றவற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கெட்டியான வெங்காயத் தயிர்க் கலவை, செய்து பார்த்தவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "கலக்கும்போது நன்றாக இருந்தது, விருந்தாளிகள் வருவதற்குள் தண்ணீர் விட்டுக்கொண்டது." கசக்கிறது, புளிக்கிறது, வெங்காய நெடி அடிக்கிறது என்பதெல்லாம் அதற்கு அடுத்த குறைகள். வெங்காயத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். தயிரிலும் ஏறக்குறைய அதே கதைதான். இரண்டையும் அப்படியே கலந்துவிட்டு, கெட்டியாக நிற்க வேண்டும் என்று எதிர்பார்த்தால் நிற்காது. கலப்பதற்கு முன்பே இரண்டிலும் உள்ள தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும். இந்தப் பண்டத்தில் வேலை என்று இருப்பது அது ஒன்றுதான். அதில் அவசரப்படுவதால்தான் மற்ற எல்லாம் கெடுகிறது.

இது அமெரிக்கப் பண்டம். 1954 வாக்கில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் சோர் கிரீமில் (புளிக்க வைத்த பாலேட்டில்) பாக்கெட் வெங்காய சூப் பொடியைக் கலந்து விருந்துகளில் வைக்கத் தொடங்கினார்கள். 'கலிபோர்னியா டிப்' என்று பெயர் பரவியது. இங்கே தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் இருப்பவர்கள் சோர் கிரீமைத் தேடி அலைய வேண்டியதில்லை. நல்ல பாலில் உறைந்த தயிரைத் துணியில் வடிய விட்டால் அதைவிடச் சுவையான ஒன்று கிடைக்கும். சூப் பொடிக்கும் நம் வீட்டுப் பரணிலேயே மாற்று இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் தயிர். நேற்று ராத்திரி உறை ஊற்றி, இன்று மதியம் வரை அடுப்படியிலேயே இருந்த தயிர் டிப்புக்கு ஆகாது. சித்திரை, வைகாசி வெயிலில் தயிர் சீக்கிரமே உறைந்துவிடும். உறைந்த பிறகும் வெளியில் இருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் புளிப்பு ஏறிக்கொண்டே போகும். தயிரை உறைய வைக்கும் நுண்ணுயிர்களுக்கு 40 டிகிரியை ஒட்டிய சூடு மிகவும் பிடிக்கும், நம் ஊர்க் கோடையோ அதை இலவசமாகவே கொடுக்கிறது. புளித்த தயிரை வடிகட்டினால் கெட்டியான புளித்த தயிர்தான் கிடைக்கும். அதனால் உறை மோரைக் குறைவாக ஊற்றுங்கள். தயிர் அசையாமல் நின்ற உடனே பிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள்.

பாலிலும் கஞ்சத்தனம் வேண்டாம். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதம் கொழுப்பு இருக்கிறது, பச்சை பாக்கெட்டில் 4.5 சதவீதம். டிப்புக்கு ஆரஞ்சுதான் சரி. பக்கத்தில் எருமைப் பால் கிடைத்தால் இன்னும் நல்லது. நீர்த்த பாலில் உறைந்த தயிரை எவ்வளவு நேரம் வடித்தாலும் நாக்கில் மாவு மாதிரிதான் படும். வெண்ணெய்ப் பதம் வராது.

வடிப்பதைத் துணியில் கட்டிக் குழாயில் தொங்கவிடுவது பழக்கம். மார்கழியில் அது பரவாயில்லை. கோடையில் அப்படி நாலு மணி நேரம் தொங்கினால், வடிந்து முடிவதற்குள் புளித்துவிடும். பெரிய வடிகட்டியில் சுத்தமான வேட்டித் துணியை விரித்து, அதில் தயிரை ஊற்றி, அடியில் பாத்திரம் வைத்து, மேலே ஒரு தட்டால் மூடி, ராத்திரி முழுக்க பிரிட்ஜில் விட்டுவிடுங்கள். மூடாமல் வைத்தால் உள்ளே இருக்கும் குழம்பு வாசனையெல்லாம் தயிரில் ஏறிவிடும். ஒரு லிட்டர் பாலின் தயிரிலிருந்து ஏறக்குறைய 400 கிராம் கெட்டித் தயிர் வரும். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் உடனே விழாமல் ஒட்டி நிற்க வேண்டும், அதுதான் பதம். நேரமில்லை என்று துணியை முறுக்கிப் பிழியாதீர்கள். பிழிந்தால் தயிரே துணியைத் தாண்டி வெளியே வரும், உள்ளே மிஞ்சுவது திரிதிரியாக இருக்கும். வடிந்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டாம். அதில் சப்பாத்தி மாவு பிசைந்தால் மிருதுவாக வரும்.

கெட்டித்தன்மைக்காகச் சிலர் மயோனைஸ் சேர்க்கிறார்கள். பச்சை முட்டையில் செய்த மயோனைஸ் என்றால் கண்டிப்பாக வேண்டாம். சால்மொனெல்லா போன்ற கிருமிகள் பரவும் என்பதால் 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு அதற்கு ஓராண்டுத் தடை விதித்தது. குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து சாப்பிடும் இடத்தில் அந்த ஆபத்து எதற்கு? வடித்த தயிரில் இரண்டு கரண்டி பாலாடையைக் கட்டியில்லாமல் குழைத்துச் சேர்த்தாலே போதும்.

இனி வெங்காயம். டிப்பின் சுவை பிறப்பது இங்கேதான், கெடுவதும் இங்கேதான்.

தயிர்ப் பச்சடிப் பழக்கத்தில் பச்சை வெங்காயத்தை நறுக்கித் தயிரில் போட்டுவிடுகிறோம். பச்சடிக்கு அது சரி, கலந்த கையோடு இலைக்குப் போய்விடும். டிப் அப்படியில்லை, மணிக்கணக்கில் இருக்க வேண்டிய பண்டம். உப்புப் பட்ட பச்சை வெங்காயம் மெல்ல மெல்லத் தண்ணீர் விடும். நெடியும் நேரத்தோடு ஏறும். மிக்ஸியில் அரைத்துச் சேர்ப்பது இதைவிட மோசம். வெங்காயத்தின் திசுக்கள் உடையும்போதுதான் அதிலிருக்கும் நொதி வேலை செய்து கந்தகச் சேர்மங்களை உண்டாக்குகிறது. கண் எரிவதும் அதனால்தான். எவ்வளவு நைசாக அரைக்கிறீர்களோ அவ்வளவு காரமும் கசப்பும் வரும். பச்சை வாசனை கொஞ்சம் வேண்டும் என்றால், பரிமாறும்போது வெங்காயத்தாளைப் பொடியாக நறுக்கி மேலே தூவுங்கள்.

வதக்கும்போது நடக்கும் பெரிய தவறு, தீயைக் கூட்டுவது. வெங்காயத்துக்குள் தண்ணீர் இருக்கும் வரை வாணலியில் அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. பழுப்பு நிறமும் இனிப்பு கலந்த வறுத்த வாசனையும் வேகமாக ஏற 140 டிகிரி வாக்கில் சூடு வேண்டும். ஆக, தண்ணீர் முழுக்கப் போன பிறகுதான் உண்மையான வதக்கலே தொடங்குகிறது. தீயை ஏற்றினால் ஓரம் கருகும், நடுவில் வெண்மையாகவே இருக்கும். கருகிய ஓரத்தின் கசப்பு தயிரில் ஊறி டிப் முழுக்கப் பரவிவிடும், அதன் பிறகு சரிசெய்ய வழியில்லை. அடி கனமான வாணலி, மிதமானதற்கும் சிறியதற்கும் இடையில் தீ, ஒரு சிட்டிகை உப்பு, முக்கால் மணி நேரம். அரைக் கிலோ வெங்காயம் சுருங்கி ஒரு சின்னக் கிண்ணத்துக்குள் அடங்கும் வரை விடக்கூடாது. அடியில் ஒட்டிப் பழுப்பேறினால் பதற வேண்டாம். ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளித்துச் சுரண்டிக் கிளறுங்கள். அந்தப் பழுப்பில்தான் ருசி இருக்கிறது. சீக்கிரம் சிவக்கட்டும் என்று சமையல் சோடா போடுவார்கள். சிவக்கும்தான், ஆனால் வெங்காயம் கூழாகிவிடும், கொஞ்சம் கூடினாலும் சோப்பு ருசி வரும்.

எந்த வெங்காயம் என்பதிலும் யோசிக்க இருக்கிறது. பெல்லாரி என்று நாம் சொல்லும் பெரிய வெங்காயத்தில் தண்ணீர் அதிகம், உரிப்பது சுலபம். பெரம்பலூர்ப் பக்கமிருந்து வரும் சின்ன வெங்காயத்தில் சத்தும் சாரமும் அதிகம், தண்ணீர் குறைவு. சீக்கிரம் சிவக்கும், வாசனையும் தூக்கலாக இருக்கும். முழுக்க முழுக்கச் சின்ன வெங்காயத்தில் செய்தால் சுவைக்கு ஈடில்லை. உரிக்க ஆள் இல்லையென்றால் பாதிக்குப் பாதி போடுங்கள். பத்து நிமிடம் தண்ணீரில் ஊறப்போட்டால் தோல் எளிதாகக் கழன்று வரும், ஆனால் நறுக்குவதற்கு முன் ஈரத்தைத் துடைத்துவிட வேண்டும். வயலிலிருந்து புதிதாக வந்த வெங்காயத்தைவிட, தோல் சலசலக்கக் காய்ந்த பழைய வெங்காயம் நல்லது.

எண்ணெயைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. நெய்யில் வதக்கினால் வாசனையாக இருக்குமே என்று தோன்றும். டிப் பிரிட்ஜுக்குள் போனதும் அந்த நெய் உறைந்து, தயிர் முழுக்க மணல் மணலாகத் திரியும். தேங்காய் எண்ணெயும் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ போதும். வதக்கிய பிறகு தட்டில் பரப்பி முழுக்க ஆற விடுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போதே தயிரில் கொட்டினால் தயிர் இளகி, மறுபடியும் தண்ணீர் பிரியும். முதல் நாள் ராத்திரி வடித்த உழைப்பெல்லாம் அதோடு போயிற்று.

இப்போது பரணில் இருக்கும் வடகம். கோடையில் சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் இடித்து, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள், கறிவேப்பிலை சேர்த்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, உருட்டி வெயிலில் காய வைக்கும் தாளிப்பு வடகம்தான். அமெரிக்கப் பாக்கெட்டில் இருப்பது என்ன? காய்ந்த வெங்காயமும் உப்பும் மசாலாவும். வடகத்திலும் அதேதான், வாசனை மட்டும் பல மடங்கு. பழைய சோற்றுக்கு வடகத் துவையல் அரைத்த வீடுகளுக்கு இந்தச் சேர்க்கை புதிதாகத் தெரியாது.

ஆனால் வடகத்தில் கை தாராளமானால் டிப் கசந்துவிடும், வெந்தயம் அப்படி. 400 கிராம் தயிருக்குப் பாதி உருண்டை போதும். உதிர்த்து, இரண்டு ஸ்பூன் எண்ணெயில் சின்னத் தீயில் கடுகு பொரிந்து நன்றாகச் சிவக்கும் வரை வறுத்து, ஆறிய பின் கையால் நொறுக்கிச் சேர்க்க வேண்டும். வறுக்காமல் போட்டால் பல்லில் கடிபடும், விளக்கெண்ணெய் வாடையும் போகாது. வடகத்தில் உப்பு இருக்கிறது என்பதை மறந்துவிட்டுத் தனியாக உப்புப் போடுவதும் அடிக்கடி நடப்பதுதான்.

உப்பைக் கடைசியில் பாருங்கள். அதுவும் விரலில் தொட்டுப் பார்த்தால் போதாது. எந்தத் தட்டையோடு, எந்தச் சிப்ஸோடு வைக்கப் போகிறீர்களோ அதில் தொட்டுச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதிலும் உப்பு இருக்கிறதல்லவா. கலப்பதற்குக் கரண்டியே போதும். மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால்கூட கெட்டித் தயிரின் கட்டு உடைந்து மோர்ப் பதத்துக்கு இறங்கிவிடும். கலந்ததும் மூடி இரண்டு மூன்று மணி நேரம் பிரிட்ஜில் வைத்தால் வெங்காய வாசனை தயிரில் இறங்கும். பிறகு மறுபடியும் ஒருமுறை உப்புப் பாருங்கள்.

பரிமாறும் பாத்திரத்திலும் கவனம் வேண்டும். கும்பகோணத்துப் பித்தளைக் கிண்ணம் மேஜையில் அழகாகத்தான் இருக்கும். ஈயம் பூசாத பித்தளையில் தயிர் பட்டால் களிம்பேறும், சாப்பிடக் கூடாது. எவர்சில்வர், பீங்கான், கண்ணாடி எதுவும் சரி.

கூட்டம் அதிகமென்றால் எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் வைத்துவிடாதீர்கள். சீக்கிரம் கெடும் உணவு அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான் என்பது அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்லும் கணக்கு. நமக்கு வருஷத்தில் பாதி நாள் இரண்டாவது கணக்குதான் பொருந்தும். சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, அடியில் ஐஸ் போட்ட தட்டில் வையுங்கள். ஆடிப்பெருக்கு முடிந்து ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிட எடுத்துப் போவதென்றால், ஹாட்பாக்ஸைத் திறந்தபடி பிரிட்ஜில் குளிர வைத்து, அதில் டிப்பை அடைத்து எடுத்துப் போகலாம். சூட்டைக் காப்பது குளிர்ச்சியையும் காக்கும். அன்றைக்கு வெங்காயம் சேர்க்காத வீடுகளும் உண்டு, கூட வருகிறவர்களிடம் முன்னாலேயே கேட்டுக்கொள்வது மரியாதை.

தொட்டுக்கொள்ள மெல்லிய அப்பளம் வைத்தால் கெட்டியான டிப்பில் உடைந்து உள்ளேயே தங்கும். தட்டை, மரவள்ளிக்கிழங்கு சிப்ஸ், சற்றுத் தடிமனாகச் சீவிய வாழைக்காய் சிப்ஸ், ரிப்பன் பக்கோடா எல்லாம் பொருந்தும். வெள்ளரிக்காய், கேரட் என்றால் நறுக்கியபின் துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு வையுங்கள்.

பலர் கை வைத்த கிண்ணத்தில் மீந்ததை மறுபடி பிரிட்ஜ் டப்பாவோடு கலக்காதீர்கள், அதைத் தள்ளிவிடுவதே நல்லது. தொடாமல் டப்பாவில் இருப்பது மூன்று நாள் வரை நன்றாக இருக்கும். மேலே லேசாகத் தண்ணீர் நின்றால் கிளறிவிடாமல் சாய்த்து வடித்துவிடுங்கள். மறுநாள் காலையில் சப்பாத்திக்குள் தடவிச் சுருட்டிக் கொடுத்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள். சூடு மட்டும் பண்ண வேண்டாம், தயிர் திரிந்துவிடும்.