பரணில் கிடக்கும் நெகட்டிவ்களை என்ன செய்வது?

முப்பது வருடத்துக்கு மேல் சென்னையில் கேமராவோடு அலைந்தவர் வீட்டுப் பரணில் ஒரு ட்ரங்குப் பெட்டி கட்டாயம் இருக்கும். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் போட்டோ, பத்திரிகை வேலை, நகைக்கடை கேட்லாக் என்று எல்லாமே அதற்குள் நெகட்டிவாகக் கிடக்கும். இடத்தை அடைக்கிறது என்று தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 1988இல் மயிலாப்பூர் ஸ்டூடியோ ஒன்றில் லைட் பிடிக்கச் சேர்ந்தவன் நான். என் பெட்டியைப் போன வருடம்தான் இறக்கினேன்.

இறக்கியதும் முதலில் முகர்ந்து பாருங்கள். வினிகர் மாதிரி புளித்த வாடை வந்தால் பிலிமின் அடிப்பாகமான அசிட்டேட் பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த ஆவி பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும், அதனால் வாடை வருவதை உடனே தனியாகப் பிரித்து, அதைத்தான் முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும். அடுத்தது கலர், ஏனென்றால் அதன் சாயம் வருடாவருடம் வெளுத்துக்கொண்டே போகும். ஒழுங்காகக் கழுவிய கருப்பு வெள்ளை கொஞ்சம் காத்திருக்கும்.

நம் ஊரில் பிலிமுக்கு ஆகாதது ஈரக்காற்று. 60 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் நின்றால் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், இவ்வளவு போதும். முள் 30க்கும் 50க்கும் நடுவில் நிற்கட்டும். பூச்சி வரும் என்று அந்துருண்டை போடாதீர்கள். பிவிசி உறையும் வேண்டாம், பாலிப்ராப்பிலீன் உறை வாங்குங்கள், விவரத்தைக் காகிதச் சீட்டில் பென்சிலால் எழுதி வையுங்கள். வெள்ளத்தில் நனைந்த நெகட்டிவ் ஒட்டிக்கொண்டிருந்தால் காயவிடவே கூடாது. குளிர்ந்த சுத்தமான தண்ணீரில் போட்டு அப்படியே லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். 2015 டிசம்பரில் இது தெரியாமல் காயவைத்துப் பிரித்தேன், ஒரு முழுக் கல்யாணம் பிய்ந்து போனது, இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

ஸ்கேனருக்குச் செலவழிக்க முடியாதா? இருக்கிற டிஜிட்டல் கேமராவில் 1:1 மேக்ரோ லென்ஸ் (கிட்டத்தில் வைத்து அசல் அளவிலேயே படம் பிடிக்கும் லென்ஸ்) மாட்டி, எல்இடி பேனல்மேல் நெகட்டிவை வைத்து மேலிருந்து எடுங்கள். பளபளப்பில்லாத மங்கலான பக்கம் லென்ஸைப் பார்க்கட்டும், அப்புறம் கம்ப்யூட்டரில் இடவலம் திருப்பிக்கொள்ளலாம். 24 மெகாபிக்சல் கேமரா போதும். ரா (RAW) பைலாக, அதாவது கேமரா மெருகேற்றாத மூலப் பைலாக எடுத்து இரண்டு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

எதை ஸ்கேன் செய்வது என்பதில்தான் பலர் தவறவிடுகிறார்கள். மாலை மாற்றுவதையும் தாலி கட்டுவதையும் மட்டும் எடுத்துவிட்டு ரோலின் கடைசித் துண்டை ஒதுக்கிவிடுகிறார்கள். 36 பிரேமில் இரண்டு மூன்று மிஞ்சினால், லேபுக்குப் போகிற வழியில் எதையாவது எடுத்து ரோலை முடிப்போமே, அந்தத் துண்டைத்தான் சொல்கிறேன். 1991 முகூர்த்தம் ஒன்றின் கடைசித் துண்டை லைட்மேல் வைத்தேன். மண்டப வாசலில் வாழைமரம் கட்டிய கம்பம், அதன் பின்னால் பல்லவன் பஸ், படியில் தொங்கும் பையன்கள், ஓரத்தில் ஒரு பூக்காரம்மா முழம் போடக் கையை நீட்டியிருக்கிறார். அன்றைக்கு அதை நான் படம் என்றே நினைக்கவில்லை. இப்போது என்னிடம் இருப்பதிலேயே நல்ல படம் அதுதான். அதனால் ரோலை முழுசாக, ஒரு பிரேம் விடாமல் ஸ்கேன் செய்யுங்கள்.

ஒரு விஷயம். கண்காட்சி வைக்கவோ விற்கவோ நினைத்தால், 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். கல்யாண வீட்டாரைக் கேட்காமல் வெளியே விடாதீர்கள். பழைய பில் புத்தகம் இருந்தால் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வீடாகப் போன் போட ஆரம்பியுங்கள், பாதிப் பேர் அப்பா அம்மா படம் இன்னும் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள்.